நான்காம் படி வருத்தம்

சகோதர நாட்டின் துறைமுகச் சந்தையில் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் குண்டு வெடித்தது. முப்பத்தேழு பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களை எண்ணி முடிப்பதற்குள் நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கி முழங்க, எண்ணிக்கொண்டிருந்தவர்களே பயந்துபோய்த் தரையில் படுத்துவிட்டார்களாம். இதெல்லாம் ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனால் நம் தலைநகரில் இருக்கும் வெளியுறவு அமைச்சகத்தைப் பொறுத்தவரை, செவ்வாய்க்கிழமை காலையிலும் அந்தக் குண்டு இன்னும் வெடிக்கவில்லை.

"சகோதர நாடு" என்பது அமைச்சகத்தின் சொல். ஜனங்கள் "அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பக்கத்தில்தான் ஜலூலின் மகள் மப்ரூக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கடை சந்தைக்குள் இருந்தது. இப்போது கடை இல்லை. மப்ரூக்கா அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு கட்டிலில் கிடந்தாள், வயிற்றுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத்துண்டோடு. அங்கே அறுவை அறை ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. வரிசையில் அவள் நாற்பத்தோராவது ஆள். அஞ்சு நாள் தாங்குவாள், அதற்குமேல் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜலூலுக்கு ஐம்பத்தெட்டு வயது. எல்லையோர ஊருக்கும் தலைநகருக்கும் நடுவே எட்டு இருக்கை ஷேர் டாக்சி ஓட்டுகிறவர். மனைவி போய் ஆறு வருஷமாகிறது. மகளை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் ராணுவ மருத்துவமனையில் அன்றைக்கே அறுத்து எடுத்துவிடுவார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார். எல்லையை மட்டும் மூடிவிட்டார்கள். காயம்பட்ட நம் குடிமக்கள் வரலாம், அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்று வேண்டும் என்று எல்லையில் சொன்னார்கள். ஒரு தாள்தானே என்று ஜலூல் நினைத்தார். பாவம், அவர் அதுவரை எந்த அமைச்சகத்துக்குள்ளும் போனதில்லை.

கண்டனங்கள் மற்றும் இரங்கல்கள் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. முன்மேசையில் மதாம் ஸாகியா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷமாக வெளிநாட்டுச் சாவுகளைக் கோப்பில் கட்டி வைப்பவர். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"அறிக்கை எண் போடலியே ஹாஜி."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலம்மா. என்ன அறிக்கை?"

"குண்டுவெடிப்பு பத்தி நம்ம அரசாங்கம் விடற அறிக்கை. அந்த எண்ணப் போட்டாத்தான் உங்க மகளுக்கு எதுல காயம்னு தெரியும்."

"குண்டுலதாம்மா."

"எந்தக் குண்டுல? அறிக்கை இன்னும் வரலியே. வராத வரைக்கும் அது ஒரு வதந்தி. வதந்தியில அடிபட்டவங்களுக்கு நாங்க சான்று தர்றதில்ல."

ஜலூல் தாடியைச் சொறிந்துகொண்டார். கேலி செய்கிறாரோ என்று அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. பல வருஷமாக அதில் ஒன்றுமே இல்லை.

அறிக்கை எப்போது வரும் என்று கேட்க, அவரைப் பிரிவின் இயக்குநர் உஸ்தாத் ஃபர்ஜானியிடம் அனுப்பினார்கள். ஃபர்ஜானி நல்ல மனுஷர். எல்லோரையும் உட்காரச் சொல்வார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஏழு படிகள் கொண்ட ஏணி ஒன்றின் படம் தொங்கியது. கீழ்ப்படியில் "கவனத்தில் கொள்கிறோம்" என்று எழுதியிருந்தது. நடுவில் "வருந்துகிறோம்". உச்சியில் "மிக வன்மையாகக் கண்டிக்கிறோம்". உச்சிப்படியை நம் நாடு ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறது. ஒரு மாநாட்டில் நம் அமைச்சருக்குத் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டுவிட்டார்கள், அப்போது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர் காப்பிக்கடையில குண்டு வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று ஃபர்ஜானி கேட்டார். "பதினாலு பேர். அப்ப சகோதர நாடு நமக்கு என்ன அனுப்பிச்சுது தெரியுமா? நாலாம் படி. வெறும் வருத்தம். அதுவும் எப்ப? மூணு நாள் நாலு மணி நேரம் கழிச்சு. கோப்புல இருக்கு. அதனால நாமளும் மூணு நாள் நாலு மணி நேரம் கழிச்சுத்தான் வருத்தப்படணும். ஒரு நிமிஷம் முன்னாடி வருத்தப்பட்டாலும் நாம குனிஞ்ச மாதிரி ஆயிடும்."

"அவங்களுக்கு முப்பத்தேழு பேரு போயிட்டாங்களே உஸ்தாத்."

"எண்ணிக்கையெல்லாம் நாங்க பாக்கறதில்ல ஹாஜி. தலைய எண்ணி வருத்தப்பட்டா அது கசாப்புக்கடை. ராஜதந்திரம்னா மரியாதை."

ஜலூல் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். திங்கள் பதினொரு மணி. மூன்று நாள் என்றால் வியாழன் பதினொரு மணி. நாலு மணி நேரம் சேர்த்தால் வியாழன் மதியம் மூன்று. தாங்கும், மகள் தாங்கிவிடுவாள் என்று எழுந்தார்.

"வியாழக்கிழம மூணு மணிக்கு வந்து அறிக்கை எண்ண வாங்கிக்கறேன்."

"நோன்பு மாசமாச்சே," என்றார் ஃபர்ஜானி வருத்தத்தோடு. "ஆபீஸ் ரெண்டு மணிக்கு மூடிடுவோம். வெள்ளிக்கிழம காலையில வாங்க."

அன்றைக்கு அமைச்சகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். மப்ரூக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் வாய் மட்டும் வீட்டில் இருந்த வாய்தான்.

"என்ன பாபா, இன்னும் கிளம்பலியா? எட்டு சீட்டும் ரொம்பினாத்தான் வண்டிய எடுப்பேன்னு பிடிவாதமா?"

"வெள்ளிக்கிழம ஆயிடும்டி. சார்மாருங்க வருத்தப்பட ரெடியாகிட்டிருக்காங்க."

"அதுக்கு நாள் குறிச்சிருக்காங்களா? கல்யாணம் மாதிரி?"

"மணியோட குறிச்சிருக்காங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வயிற்றில் இழுத்திருக்க வேண்டும், பாதியில் நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் அவருக்கு அந்தக் கட்டடத்தையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

வியாழக்கிழமையும் அவர் போனார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போனது தப்பாகிவிட்டது. மறுநாள் அறிக்கையோடு அமைச்சகக் கூடத்தில் இரங்கல் புத்தகம் ஒன்று திறப்பதாக ஏற்பாடு. அதற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் விளக்குப் போட்டிருந்தார்கள். துணைச்செயலாளர்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் புத்தகத்தின் முன்னால் தலை குனிந்து, நாலு வரை எண்ணி நிமிர்ந்தார்கள். ஒருவர் ஆறு வரை குனிந்தபோது ஃபர்ஜானி கையைத் தட்டினார்.

"நாலுதான். நாலாம் படிக்கு நாலு. நீங்க பாட்டுக்குக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா நாளைக்கு அவங்க கேப்பாங்க."

வரிசைக்கு ஒரு சாமானிய ஜனம் தேவைப்பட்டது. ஃபர்ஜானியின் கண் ஜலூல் மீது விழுந்தது. சிவப்புக் கம்பளித் தொப்பி, நாலு நாள் தாடி, சிவந்த கண்கள். துக்கம் நன்றாகப் பொருந்தியிருந்தது. யாரோ அவரைத் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார்கள். ஜலூல் பேனாவை வாங்கி, குனிந்து, நாலு எண்ணாமல் புத்தகத்தில் எழுதினார்: "என் மகளை வர விடுங்கள்."

மதாம் ஸாகியா வந்து அந்தப் பக்கத்தை அளவுகோல் வைத்துச் சத்தம் வராமல் கிழித்தார்.

"இது கோரிக்கை ஹாஜி. இரங்கல் இல்ல. கோரிக்கைக்கு ரெண்டாம் மாடி."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி நம் நாட்டின் வருத்தத்தைத் தெரிவித்தார். ஜலூல் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தார். அறிக்கைக்கு எண் கிடைத்துவிட்டது. 212. அவர் விண்ணப்பத்தில் எண்ணை எழுதிக்கொண்டிருக்கும்போதே அமைச்சர் கடைசி வாக்கியத்துக்கு வந்துவிட்டார்: "இச்சம்பவத்தில் நம் குடிமக்கள் எவருக்கும் பாதிப்பு இல்லை என்பதை இறையருளால் உறுதி செய்கிறோம்."

பேனா நின்றது.

அந்த வரி எல்லா அறிக்கையின் கடைசியிலும் வரும். எந்த நாட்டில் பூகம்பம் வந்தாலும், கப்பல் கவிழ்ந்தாலும் வரும். முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ தட்டெழுதியது. அதற்கு மேலே இருப்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் மாற்றுவார்கள். கீழே இருப்பதை யாரும் படிப்பதுகூட இல்லை. இதை மதாம் ஸாகியாவே அவருக்குச் சொன்னார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

ஜலூல் ஃபர்ஜானியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் போனார்.

"என் மக வயித்துல இரும்போட கிடக்கா. நீங்க யாருக்கும் ஒண்ணுமில்லன்னுட்டீங்களே."

"உக்காருங்க."

"உக்கார மாட்டேன்."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க. உங்க மகளுக்கு அடிபட்டது உங்க வீட்டு நிலைப்பாடு. அத நான் மதிக்கறேன். அரசாங்கத்தோட நிலைப்பாடு வேற. ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தை நடத்தலாம், அதுக்கு ஒரு குழு போடணும்."

"அந்த ஒரு வரிய அடிச்சுட்டு வேற எழுதுங்க உஸ்தாத். உங்க கால்ல விழறேன்."

"மினிஸ்டர் வாசிச்சுட்டாரே. தாள்ல இருந்தா நான் திருத்துவேன். வாய்ல இருந்து வந்துட்டா அது நடந்த மாதிரி. இப்ப நான் போயி, ஒரு பொண்ணுக்கு அடிபட்டிருக்குன்னு சொன்னா, மினிஸ்டர் பொய் சொன்னார்னு ஆகும். ஒரு பொண்ணுக்காக ஒரு நாட்டையே பொய்யாக்கலாமா? நீங்களே சொல்லுங்க, நீங்க படிக்காட்டியும் நியாயம் தெரிஞ்சவரு."

ஜலூல் நியாயம் தெரிந்தவர்தான். அதனால்தான் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மதியமே அமைச்சர் முப்பத்தோரு பேர் கொண்ட குழுவோடு சிறப்பு விமானத்தில் சகோதர நாட்டுக்குக் கிளம்பினார். நாலாம் படிக்கு நேரில் போவது வழக்கம் இல்லை. ஆனால் அவர்கள் நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தார்கள், முப்பது பேர். விமானத்தில் நாற்பது இருக்கை. திரும்பி வரும்போது ஒன்றில் மகளைப் படுக்க வைக்கலாமா என்று ஜலூல் வாசலில் நின்று கேட்டார். அந்த இருக்கைகளில் அன்பளிப்புகள் வரும் என்றார்கள்.

ஆனாலும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. குழுவினர் மருத்துவமனைக்குப் போவார்கள் என்று கேள்விப்பட்டார். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"மினிஸ்டர் வந்தா வாயத் தொறந்து பேசுடி. நான் இன்னாரு மக, இந்த ஊருன்னு சொல்லு. நேர்ல பாத்தா மனசு எளகும்."

"மூஞ்சி கழுவிக்கட்டுமா பாபா?"

"கழுவிக்கோ. வெட்கப்படாத."

"எனக்குக் குளுருது," என்றாள். அவள் இதுவரை அப்படி எதையும் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், தெருமுனைக் காப்பிக்கடையில் நோன்பு திறந்து ஆட்கள் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தபோது அது தொலைக்காட்சியில் வந்தது. அமைச்சர் தாழ்வாரத்தில் நடந்து வருகிறார். ஒவ்வொரு கட்டிலிலும் நாலு எண்ணுகிறார். ஆறாவது கட்டிலில் மப்ரூக்கா. முகம் கழுவியிருந்தாள். ஜலூல் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

மப்ரூக்கா அமைச்சரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நம்ம ஊருதான் மினிஸ்டர். எங்க அப்பா ஷேர் டாக்சி ஓட்டறாரு. என்னக் கூட்டிட்டுப் போங்க. இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க."

அமைச்சர் நெகிழ்ந்துபோனார். காமிராப் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? சகோதர நாட்டுப் பொண்ணு. என்ன அழகா நம்ம பேச்சு பேசுது பாருங்க. நம்மகூடவே வந்துடறேங்குது. இதத்தான் நான் எப்பவும் சொல்றேன், எல்லைக்கோடெல்லாம் வரைபடத்துலதான், மனசுல கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். அமைச்சர் நம் நாட்டுப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை வாங்கி, வைக்க இடம் பார்த்து, போர்வைக்கு மேலே அவளுடைய வயிற்றில் வைத்தார். மப்ரூக்காவின் வாய் திறந்தது. சத்தத்தை வெட்டிவிட்டு நாட்டுப்பண் போட்டுவிட்டார்கள்.

காப்பிக்கடையில் ஒருவர், "நல்ல மனுஷன்யா இந்த மினிஸ்டர்," என்றார். அது ஜலூலின் மகள் என்று அவருக்குத் தெரியாது. ஜலூல் எழுந்துபோய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள். ஆனாலும் வெற்றிப் பயணத்தின் படங்களை அடுக்கிவைக்க மூன்றாம் மாடி திறந்திருந்தது. ஃபர்ஜானி உற்சாகமாக இருந்தார்.

"வாங்க ஹாஜி. பாத்தீங்களா? பதினோரு நாட்டு டிவில போட்டாங்க. அந்தப் பொண்ணுதான் ஹைலைட்டு."

"அது என் மக."

"தெரியும். உங்க ஜாடை."

"அப்ப இப்பவாச்சும் சான்று தாங்க. மினிஸ்டரே அவள நேர்ல பாத்தாரு."

"அதுதான் சிக்கல். முன்னாடி ஒரு வரிதான் குறுக்க நின்னுச்சு. இப்ப மினிஸ்டரே காமிரா முன்னாடி அவள சகோதர நாட்டுப் பொண்ணுன்னு சொல்லிட்டாரு. தாள்னா திருத்தலாம், படத்த எப்படித் திருத்தறது? நேத்து வரைக்கும் உங்க மக பாதிக்கப்படாத குடிமகள். இன்னிக்கு பாதிக்கப்பட்டவதான், ஆனா குடிமகள் இல்ல. முன்னேற்றம்னுதான் சொல்லணும்."

ஜலூலின் போன் அடித்தது. அந்தப் பக்கத்து நர்ஸ். அவள் பேசியது கொஞ்ச நேரம்தான். ஜலூல் "சரிம்மா" என்றார். மறுபடியும் "சரிம்மா" என்றார். பிறகு போனை மேசைமேல் ஃபர்ஜானியின் படங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு நின்றார்.

ஃபர்ஜானிக்குப் புரிந்துவிட்டது. முகம் உண்மையாகவே வாடியது. எழுந்து, கைகளை நீட்டி, ஜலூலைக் கட்டிக்கொள்ளப் போனவர் பாதியில் நின்றார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"மதாம் ஸாகியா, இதுக்கு நாம இரங்கல் சொல்லலாமா? சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமா?"

"ஆயிடும் உஸ்தாத்," என்றது வெளியே இருந்த குரல்.

ஃபர்ஜானி கைகளை மடக்கிக்கொண்டார். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார். நோன்பு மாதம் என்பது நினைவுக்கு வந்து அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சகோதர நாடு அன்றைக்கே மப்ரூக்காவின் சவப்பெட்டியை எல்லைக்கு அனுப்பிவிட்டது, கூடவே ஒரு கடிதம். "உங்கள் நாட்டு மகளின் மரணத்துக்குக் காரணமான கொடுஞ்செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம்." ஆறாம் படி. மூன்றாம் மாடியில் பதற்றம். நாலுக்கு ஆறு போட்டு நம்மை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று இரண்டு மணி நேரம் கூட்டம் நடந்தது. முடிவில், நம் குடிமக்கள் எவரும் இறக்காதபடியால் கடிதம் முகவரி தவறி வந்திருக்கலாம் என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். கடிதம் திரும்பிப் போயிற்று. பெட்டி எல்லைக் கொட்டகையில் வெயிலில் கிடந்தது. அவர்கள் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள், இவர்கள் வாங்கவில்லை என்றார்கள்.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஜலூல் மூன்றாம் மாடியில் நின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மப்ரூக்காவுக்கு அவள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை மணிக்கு மதாம் ஸாகியா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், படிக்கட்டு முனையில் நின்று ஒரு நீலத்தாளை நீட்டினார்.

"நான் தந்தேன்னு சொல்லாதீங்க. வெளிநாட்டு ஆளு செத்தா, இங்க அடக்கம் பண்ண யாராச்சும் நல்லெண்ணத்துல கேக்கலாம். அப்படி ஒரு விதி இருக்கு. அது வந்து ஏழு வருஷத்துல யாரும் கேட்டதில்ல. உங்க மகள அந்தப் பக்கத்துப் பொண்ணுன்னு எழுதுங்க."

ஜலூல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். ஒரு கட்டத்தில் கை நின்றது. இறந்தவருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவு.

"இல்லைன்னு போடுங்க."

"எப்படிம்மா போடறது?"

"அப்பான்னு போட்டா அவ நம்ம குடிமக ஆயிடுவா. நம்ம குடிமக யாரும் சாகல. பெட்டி திரும்பிப் போயிடும்." அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னொண்ணு ஹாஜி. எல்லையில நின்னு பாப்பாங்க. உறவுக்காரங்க பொய் சொல்லி வாங்கறாங்களான்னு. பெட்டிய வாங்கும்போது அழாதீங்க. தெரியாதவங்க அழமாட்டாங்க."

ஜலூல் "இல்லை" என்று எழுதினார். கையெழுத்து நன்றாகவே வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லைக் கொட்டகையில் பலகைப் பெட்டியை அவர் முன்னால் வைத்தார்கள். அடையாளம் பார்க்க வேண்டும் என்று மேல்பலகையை ஒரு சாண் விலக்கினார்கள். எல்லை அதிகாரி இளைத்த மனுஷர், கடமை தவறாதவர். பெட்டியைப் பார்க்கவில்லை. கையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஜலூலின் முகத்தையே பார்த்தார். விதிப்படி பத்து நிமிஷம் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் மப்ரூக்காவின் கழுவிய முகம் அப்படியே இருந்தது. நெற்றியில் மட்டும் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட ஜலூலின் கை கிளம்பிற்று. இன்னொரு கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு இவங்கள முன்னாடியே தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியாது."

"அப்புறம் ஏன் இவ்வளவு தூரம்?"

"புண்ணியத்துக்கு."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் அந்த நாலு நிமிஷமும் நின்றார்கள். பிறகு அவர் பதிவேட்டில் எழுதி, முத்திரை குத்தி, ஜலூல் கையெழுத்துப் போடுவதற்காக அதைத் திருப்பி வைத்தார். ஜலூல் படித்தார்: "மனுதாரர் அழவில்லை. உறவு இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது."